பார்சல் குடோனில் தகராறு எங்கே கிளம்புகிறது

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கத்து பார்சல் குடோன்களில் சங்கத்து லோடுமேன்களுக்கும் சூப்பர்வைசருக்கும் நடக்கிற வாய்ச்சண்டையில் பெரும்பகுதி கூலி உயர்வைப் பற்றியது இல்லை. கூலியை ஒப்பந்தம் போட்டு முடித்துவிடுகிறார்கள், அது ஓடும் வரை ஓடும். தினப்படி மனஸ்தாபம் வருவது அந்த ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட இடங்களில்: மூட்டை எவ்வளவு கனம், எத்தனை இறங்கியது, யார் கை வைக்கலாம், உடைந்தால் யார் தலையில் விழும். கூலி ரேட்டுக்கு எடுத்துக்கொள்கிற அக்கறையில் பாதியை இதற்கு எடுத்துக்கொண்டால் போதும், லாரி வழியில் நிற்காது.

எடையில் ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வளர்கிறது. ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் சிப்பக் கணக்கு, அதாவது ஒவ்வொரு மூட்டைக்கும் பெட்டிக்கும் இவ்வளவு என்று. 50 கிலோ வரை ஒரு ரேட், அதற்கு மேல் 75 வரை ஒரு ரேட், அதையும் தாண்டினால் வேறு ரேட் என்று படி வைத்துப் பேசுவது வழக்கம். அனுப்புகிற பார்ட்டி வாடகையை மிச்சம் பிடிக்க எடையைக் குறைத்துச் சொல்வார். புக்கிங்கில் கூட்டமாக இருந்தால் கிளார்க்கும் அதையே எல்.ஆரில் (லாரி ரசீதில்) எழுதிவிடுவார். எல்.ஆரில் 48 கிலோ, இறக்குகிற இடத்தில் தோளில் ஏறுவது 70. சூப்பர்வைசர் காகிதத்தைக் காட்டுவார், லோடுமேன் மூட்டையைக் காட்டுவார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதால்தான் பேச்சு சீக்கிரம் தடிக்கிறது.

இதற்கு வாசலிலேயே ஒரு பிளாட்பாரத் தராசு வேண்டும், எடையளவு முத்திரை காலாவதி ஆகாமல். லோடுமேன் கேங்குக்குத் தலைவரான மேஸ்திரி கைகாட்டுகிற சிப்பத்தை மறுபேச்சில்லாமல் எடை போடணும். ஒரே பார்ட்டியிடமிருந்து வந்த லாட் என்றால் பத்துக்கு ஒன்று போட்டால் போதும், அதில் தப்பு வந்தால் மொத்த லாட்டையும் போடுங்கள். உண்மை எடையை எல்.ஆரின் பின்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, கூலியை அந்த எடைக்குக் கணக்குப் பண்ணி, அன்றைக்கே புக்கிங் ஆபீசுக்கும் தகவல் சொல்லணும். விட்டுப்போன வாடகையும் அங்கேதான் வசூலாகும். தராசை நிர்வாகம் தனக்கு விரோதமான சாமானாகப் பார்ப்பது எனக்குப் புரியவே இல்லை, அதில் முதல் லாபம் நிர்வாகத்துக்குத்தான்.

கனத்துக்கும் ஓர் எல்லை வேணும். ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்குவதற்கு 55 கிலோ என்ற அளவை சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆனால் பார்சலில் வருகிற மோட்டார் பெட்டிக்கும் வார்ப்படச் சாமானுக்கும் யாரும் அளவு வைப்பதில்லை. குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் இரண்டு ஆள் அல்லது டிராலி என்று ஒரு வரி எழுதுங்கள், இரண்டு ஆளுக்கான கூலியையும் அங்கேயே எழுதுங்கள். கூலி எழுதாத ஒப்பந்தத்தில் இரண்டாவது ஆள் வரமாட்டார், முதல் ஆளின் இடுப்புதான் போகும்.

எண்ணிக்கையில் வருகிற தகராறு, ஒரே ஒரு நோட்டு இருப்பதால் வருவது. சூப்பர்வைசர் டேலி ஷீட் (எண்ணிக்கைத் தாள்) எழுதுகிறார், மேஸ்திரி மனக்கணக்கு வைத்திருக்கிறார், சனிக்கிழமை பட்டுவாடா அன்று இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஒரு கேங்கில் எட்டுப் பேர் என்றால் அன்றைய மொத்தக் கூலியை எட்டாகப் பங்கு போடுவார்கள். முப்பது சிப்பம் விட்டுப்போனால் எட்டு வீட்டிலும் அது தெரியும். அதனால் நோட்டு இரண்டு இருக்கட்டும். லாரிக் கதவைச் சாத்தும் முன் இருவரும் எண்ணிக்கையைச் சொல்லி ஒத்துப் பார்த்து, ஒருவர் நோட்டில் மற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். கதவு சாத்திய பிறகு எண்ண முடியாது.

அடுத்தது சூப்பர்வைசரே சரக்கில் கை வைப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இதிலென்ன குற்றம் என்று தோன்றும். பீஸ் ரேட்டில், அதாவது சிப்பக் கணக்கில், வேலை செய்கிறவருக்கு, வேறொருவர் தூக்குகிற ஒவ்வொரு சிப்பமும் தன் பங்கில் குறைவது. டிரைவர், கிளீனர், பார்ட்டி அனுப்பிய ஆள் என்று ஒவ்வொருவராக உள்ளே வந்தால் மாதக் கடைசியில் கேங்குக்கு வேலையே இருக்காது என்கிற பயம் நியாயமானது. அதே நேரம், ஒரு கையில் பிடிக்கிற கவருக்கும் சின்னப் பெட்டிக்கும் ஆள் வரட்டும் என்று பார்ட்டியைக் கவுண்டரில் நிறுத்தி வைப்பதும் சரியில்லை. இத்தனை கிலோ வரை என்று ஓர் அளவைக் குறித்து, அதற்குள் இருப்பதைக் கவுண்டர் ஆள் எடுத்துக்கொடுக்கலாம் என்று எழுதிக்கொண்ட இடங்களில் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"மேஸ்திரிண்ணா, பார்ட்டி நிக்கறாருங்க. அந்த ரெண்டு பெட்டிய நானே எடுத்துக் குடுத்தரட்டுங்களா?"

"குடுங்க தம்பி. சிட்டையில மட்டும் எழுதிப்போடுங்க."

அந்த "அண்ணா" என்கிற விளிக்கு மதிப்பு உண்டு. சூப்பர்வைசருக்குப் பெரும்பாலும் வயசு முப்பதுக்குள், மேஸ்திரிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கேங்கில் ஒரு ஆளிடம் குறை இருந்தால் முதலில் மேஸ்திரியைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும் பேர் சொல்லி அதட்டினால் அன்று மாலை சங்கக் கொடிக்கம்பத்துப் பக்கம் கூட்டம் கூடும், பிறகு பேச்சு வேலையைப் பற்றி இருக்காது, மரியாதையைப் பற்றியே இருக்கும்.

சேதாரத்துக்கு வருகிறேன். கிரைண்டர் பெட்டி நசுங்கி வந்தால் இறக்கியவர் மேல் பழி போடுவது சுலபம். ஏற்றிய ஊரில் லேசான அட்டைப்பெட்டியை அடியில் வைத்து, அதன்மேல் கனத்த சிப்பத்தை அட்டி போட்டிருந்தால் அது வழியிலேயே நசுங்கிவிடும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி அடுக்கில் நிற்காது. பனியன் பேலில் கொக்கி போட்டால் துணி கிழியும், பிளாஸ்டிக் சாக்கில் போட்டால் பிரிந்து கொட்டும். இதில் கொக்கிதான் இறக்குகிறவர் பொறுப்பு, மற்றவை அவர் கைக்கு வரும் முன்பே நடந்தவை. எனவே லாரிக் கதவைத் திறந்ததும், ஒரு சிப்பத்தையும் தொடும் முன் ஒரு போட்டோ எடுங்கள். பாதி இறக்கியதும் இன்னொன்று. நசுங்கியது தெரிந்தால் அங்கேயே எல்.ஆரில் குறிப்பு எழுதுங்கள். கூலியில் கழிப்பதற்கும் முறை இருக்கிறது: சம்பளம் வாங்குகிற தொழிலாளி என்றால் அவருடைய அசட்டையால் நேரடியாக வந்த நஷ்டத்துக்கு மட்டுமே, விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே, நஷ்டத் தொகைக்கு மேல் போகாமல் பிடிக்கலாம். 1936-ம் வருஷத்து சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வகுத்த முறை அது. சனிக்கிழமை கவரில் சொல்லாமல் 500 ரூபாயைக் குறைத்துக் கொடுப்பது சட்டப்படியும் தப்பு, தர்மப்படியும் தப்பு.

"நாளையிலிருந்து வராதே" என்ற வாய்வார்த்தை இன்னொரு வினை. கடை, நிறுவனச் சட்டத்தின் கீழ் வருகிற குடோனில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதிலான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் வாங்கி, விசாரணை நடத்தி, அப்புறம்தான் முடிவு. விசாரணைக் காலத்தில் சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். இதைத் தெரிந்த சூப்பர்வைசர் கோபத்தில் வாயை விடமாட்டார்.

லோடுமேன்களில் பலர் கம்பெனி மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) இருப்பதில்லை, சங்கம் மூலமாக வருகிறவர்கள். "எங்க ஆளே இல்லை" என்று நிர்வாகம் கைகழுவுவது இங்கேதான். குறைந்தபட்சம் 1982-ம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழுள்ள நலவாரியத்தில் எல்லாரும் பதிவாகி இருக்கிறார்களா, புதுப்பித்திருக்கிறார்களா என்று சங்கம் பார்க்க வேண்டும். ஆள் விழுந்த பிறகு கார்டைத் தேடினால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் 10 பேருக்கு மேல் போகாது, தலைமை வருஷத்துக்கு ஒருமுறை மாறி மாறி வரும், வந்த குறையை 30 நாளில் முடிக்க வேண்டும். பேருக்குக் குழு போட்டுவிட்டு ஆபீஸ் ஆட்களையே தொழிலாளர் பக்கத்திலும் உட்கார வைத்தால் அது செத்த குழு. மேஸ்திரிகளில் ஒருவராவது உள்ளே இருக்கட்டும். தராசுத் தகராறும் டேலித் தகராறும் இங்கேயே தீர்ந்தால் லேபர் ஆபீஸ் வரை போகிற வேலை மிச்சம்.

வடமாநிலத்துத் தம்பிகளை ராத்திரி லோடுக்கு இறக்கும்போது சங்கம் அவர்கள் மேல் பாய்வதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. குறைந்த கூலிக்கு அவர்களைக் கூட்டிவந்தவர் வேறு ஆள். வேலை ஒன்றானால் ரேட்டும் ஒன்று, யார் தூக்கினாலும், என்ற வரியை ஒப்பந்தத்தில் கேளுங்கள். அதோடு, ராத்திரி எத்தனை மணிக்குள் சொன்னால் எத்தனை ஆள் வரும் என்று சங்கமும் எழுதிக் கொடுக்கணும். ஆள் கிடைக்காது என்கிற நிலையில்தான் சூப்பர்வைசர் வெளியாளைத் தேடுகிறார்.

கடைசியாக ஒப்பந்தத் தேதி. அது தீபாவளிக்கு முந்தின மாதம் முடிகிற மாதிரி ஒருபோதும் வைக்காதீர்கள். திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சரக்கு குவிகிற நேரத்தில் பேச்சுவார்த்தை நடந்தால் இரண்டு பக்கமும் மிரட்டலாகத்தான் பேசும். பொங்கல் சரக்கு வடிந்த பிறகு, மாசி பங்குனியில் முடிகிற மாதிரி வைத்து, இரண்டு மாதம் முன்பே கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.