அப்துல்லாபுரம் ரன்வே: காற்றின் மேல் பழி போடுவதற்கு முன்

அப்துல்லாபுரத்தில் உள்ள வேலூர் விமான நிலையத்திலிருந்து விமானம் எப்போது பறக்கும் என்பதுதான் வேலூரில் எல்லோரும் கேட்பது. எந்த முனையில் இறங்கும், எத்தனை மணிக்கு ஏறும் என்று கேட்பவர் குறைவு. ரன்வேயின் இரு முனைகளிலும் வீடோ நிலமோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

விமானம் எதிர்காற்றில் ஏறும், எதிர்காற்றில் இறங்கும். சென்னையைப் பாருங்கள். பிரதான ரன்வே 07/25. திசையை டிகிரியில் எடுத்து, அருகிலுள்ள பத்துக்குக் கொண்டுவந்து, கடைசி இலக்கத்தை விட்டால் இந்த எண். மேற்குக் காற்று அடித்தால் 25, அதாவது பரங்கிமலைப் பக்கமிருந்து இறங்குவார்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று புகுந்தால் 07-க்கு மாறும். அப்போது வரிசையில் வந்துகொண்டிருக்கும் விமானங்களை எல்லாம் சுற்ற விட்டு, மறுபக்கமிருந்து கொண்டுவர வேண்டும். இரண்டாவது ரன்வேயான 12/30 பிரதான ரன்வேயைக் குறுக்கே வெட்டுவதால், இரண்டையும் தனித்தனியாக இயக்கவும் முடியாது. பெங்களூரில் இரண்டும் இணையாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. கொல்கத்தாவிலிருந்து சென்னையில் இறங்கி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வருபவர் காட்பாடி ரயிலைத் தவறவிடுவதற்குச் சென்னையின் இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் காற்று காரணமில்லை. ஊர்ச் சத்தத்தைக் குறைப்பதற்காக ஒரு முனையைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வழிமுறை. பின்காற்று மணிக்கு 9 கி.மீ., பக்கக்காற்று 28 கி.மீ. தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது. இறங்கும் ரன்வே ஈரமாக இருந்தாலும் கிடையாது. அப்படியானால் காய்ந்த ரன்வேயில், நல்ல வெளிச்சத்தில், லேசான காற்றில் எந்த முனை என்பது பெரும்பாலும் மனிதர் எடுக்கும் முடிவு. மனிதர் எடுத்த முடிவுக்குக் காரணம் கேட்கலாம்.

வேலூருக்கு இன்னொரு கணக்கு உண்டு: வெயில். காற்று சூடானால் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்கும் விசை குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். ரன்வே வடிவமைப்பில், அந்த உயரத்துக்கான நிலையான வெப்பநிலையைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீத நீளம் கூட்டுவார்கள். வேலூரின் உயரத்துக்கு அது சுமார் 13.5 டிகிரி. 40 டிகிரி அடிக்கும் நாளில் 26 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ரன்வே நீளாது; அதனால் ஆளையோ பெட்டியையோ குறைப்பார்கள், இல்லையென்றால் விடியற்காலையில் பறப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் யாருடைய தூக்கம் கெடும் என்பதை அட்டவணை போடும் முன்பே பேச வேண்டும்.

நம் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் ஆடுமாடு அறுப்பதும் குப்பை கொட்டுவதும் விமான விதி 91-இன்படி தடை. கறிக்கடைக் கழிவும் தோல் கழிவும் கிடக்கும் இடத்துக்குப் பருந்து வரும். பருந்து இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தாமதமாகும்போது சொல்லப்படும் காரணத்தையும் கவனியுங்கள். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும் என்பது டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி. உரிய முன்னறிவிப்பு இல்லாமல் விமானம் ரத்தானால் இழப்பீடு உண்டு. ஆனால் வானிலை, ஏடிசி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) காரணம் என்றால் கிடையாது. ஆகவே ‘ஏடிசி தாமதம்’ என்று கவுன்டரில் சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடியிருப்போர் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடும்போது ‘ஏன் எங்கள் தலைக்கு மேல் பறக்கிறீர்கள்’ என்று எழுதினால் பதில் வராது. சட்டம் தருவது இருக்கும் ஆவணத்தை மட்டுமே. தேதி, மணி குறிப்பிட்டு, அந்த நேரத்தில் பயன்பட்ட ரன்வே எண், பதிவான காற்றின் திசையும் வேகமும், ரன்வே ஈரமா காய்ந்ததா என்ற பதிவு, இவற்றின் நகல் என்று கேளுங்கள். இந்திய விமான நிலைய ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.