வங்கி சொன்ன 58 லட்சமும் செய்முறை நோட்டு சொன்ன 33 லட்சமும்

2023 கடைசியில், குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது, சும்மா விசாரித்துப் பார்ப்போம் என்றுதான் வங்கிக்குப் போனோம். என் சம்பளம் கைக்கு வருவது 46,000, கணவருக்கு 62,000. அங்கிருந்தவர் கால்குலேட்டரில் நான்கு தட்டு தட்டினார். வருமானத்தில் பாதி 54,000. பைக் கடன் 3,200 போக, மாதம் 50,800 வரை இஎம்ஐ கட்டலாமாம். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய். “58 லட்சம் வரைக்கும் தரலாம் சார்” என்றார். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் நாங்கள் மூன்று பெட்ரூமுக்கு மாறிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு, பெருங்களத்தூர் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக்குப் போய்ப் பார்த்தோம். விலை 71 லட்சம். கையிலிருந்தது எஃப்டி, முடிந்த சீட்டு, பிஎஃபில் எடுக்கக்கூடியது எல்லாம் சேர்த்து 15 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரும், மீதி 14.2 லட்சம் நம்முடையது. பரவாயில்லை, சரியாக இருக்கிறதே என்று நினைத்தேன். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது என்பது அப்போது தெரியாது. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக ஏழு சதவீதம். அது ஐந்து லட்சம். கட்டி முடிக்காத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், மூன்றரை லட்சத்துக்கு மேல். கார் பார்க்கிங் தனி. எல்லாம் சேர்த்தால் பத்து லட்சம் போலத் துண்டு விழுந்தது. அந்த விற்பனைப் பையன் தயங்கவே இல்லை. “நகை இருக்கும்ல மேடம்?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியோடு திரும்பி வந்து, அன்றிரவு வரவு செலவை எழுத உட்கார்ந்தோம். மாதச் செலவு எழுதுவது சுலபம். மளிகை, பால், பெட்ரோல், கரண்ட், மருந்து என்று வாடகை இல்லாமல் 38,000. ஊருக்கு அனுப்புவது 8,000. இப்படிப் பார்த்தால் மாதம் 60,000 மிஞ்ச வேண்டும். வாடகை 16,500 போனாலும் 45,000 கையில் நிற்க வேண்டும். எங்கள் கணக்கில் ஒருநாளும் அவ்வளவு நின்றதில்லை. எங்கே போகிறது?

கணவர்தான் அலமாரியிலிருந்து செய்முறை நோட்டை எடுத்து வந்தார். எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் கல்யாணத்துக்கு யார் யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்று மாமனார் நீல மையில் எழுதி வைத்த நோட்டு அது. அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டித்தான். செய்து முடித்த பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு டிக். பாதிப் பக்கங்களில் இன்னும் டிக் விழவில்லை. வட்டி இல்லாத கடன் என்று மாமனார் சொல்வார். எந்த வங்கியின் கணக்கிலும் வராத கடன் என்று நான் சொல்வேன்.

போன வருடம் மட்டும் செய்முறை 1,18,000. அதில் நாத்தனார் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் 45,000. தீபாவளி, பொங்கல் ஊர்ப் பயணம் 34,000. மகளின் பள்ளிக் கட்டணம் 84,000, இன்சூரன்ஸ் 38,000. கூட்டினால் 2,74,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 22,800. மாதச் செலவு என்ற தலைப்பில் எழுதாததால் இது கண்ணில் படவே இல்லை. இதையும் கழித்து, ஃபிளாட் பராமரிப்புக்கு 3,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 36,000. வங்கி சொன்னது 50,800.

அந்த 36,000 ஆவது நிஜமா என்று பார்க்க, 2024 ஜனவரியிலிருந்து ஒத்திகை தொடங்கினோம். 35,000 இஎம்ஐ கட்டுவதாக வைத்துக்கொண்டு, பராமரிப்பைக் கூட்டி, கொடுக்கிற வாடகையைக் கழித்து, 21,500 ரூபாயை மாதம் ஐந்தாம் தேதி வேறொரு கணக்கில் போட்டுவிடுவது. ஏடிஎம் கார்டை அத்தையிடம் கொடுத்து வைத்தோம். ஏப்ரல் வரை வீறாப்பாக இருந்தோம். வைகாசியில் நான்கு பத்திரிகை வந்தது. அதே வாரம் மகளுக்குக் காய்ச்சல், மூன்று நாள் ஆஸ்பத்திரி. அத்தை கார்டைக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கத்தான் செய்தார். ஆறு மாதத்தில் அந்தக் கணக்கிலிருந்து 26,000 எடுத்திருந்தோம். மாதம் நாலாயிரத்துச் சொச்சம். ஆகவே இஎம்ஐ முப்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவானது.

இன்னொரு பயமும் இருந்தது. அலுவலகத்தில் ஒருவர் 2021-இல் ஏழு சதவீதத்துக்கும் கீழே கடன் வாங்கியவர். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போவை, 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியது. அவருடைய வங்கி இஎம்ஐயைத் தொடாமல் வருடங்களை நீட்டிவிட்டது. கட்டிக்கொண்டே இருக்கிறார், அசல் அப்படியே நிற்கிறது. அதனால் எட்டரை பத்தரை ஆனால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தோம். அந்த முப்பதாயிரத்துக்குள் அடங்கும் 33 லட்சத்துக்கு எட்டரையில் இஎம்ஐ 28,638. பத்தரையில் ஏறக்குறைய 33,000. மூச்சு முட்டும், ஆனால் நகை அடகுக்குப் போகாது. வீட்டுக்கடனுக்கு வரி மிச்சமாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் இருவரும் புதிய வரி முறையில் இருக்கிறோம், குடியிருக்கும் வீட்டு வட்டிக்கு அதில் கழிவு கிடையாது. அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

பிறகு தேடியது வேறு மாதிரி. கூடுவாஞ்சேரியில், கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கிய கட்டிடத்தில் விற்காமல் கிடந்த இரண்டு பெட்ரூம். மேற்குப் பார்த்தது என்று யாரும் எடுக்கவில்லையாம். 43.5 சொன்னார்கள், 42-க்கு இறங்கினார்கள். சான்றிதழ் இருப்பதால் ஜிஎஸ்டி இல்லை. 50 லட்சத்துக்குள் என்பதால் பத்திரச் செலவு 6 சதவீதம்தான், 2.52 லட்சம். எனக்கு கிண்டிக்கு நேர் ரயில். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கத்திலேயே என்பதால் ஊர் பஸ் பிடிக்க கோயம்பேடு வரை அலைய வேண்டியதில்லை. வக்கீலிடம் தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் காட்டி வாங்கினோம், அது தனிக்கதை.

கடன் கையெழுத்து நாளில் ஒன்றே கால் லட்சத்துக்கு ஒரு இன்சூரன்ஸைக் கடனோடு சேர்த்து வைத்திருந்தார்கள். கட்டாயம் என்றார்கள். “கட்டாயம்னு எழுதிக் கொடுங்க சார்” என்றேன். பத்து நிமிடத்தில் வேறு தாள் அச்சாகி வந்தது. வேறு இடத்தில் டேர்ம் பாலிசி எடுத்துக்கொண்டோம்.

கையிலிருந்து 9 லட்சம், பத்திரம், வக்கீல், வங்கிக் கட்டணங்கள், சமையலறைக்கு மட்டும் மரவேலை எல்லாம் போக, ஒத்திகையில் சேர்ந்த ஒரு லட்சத்தையும் சேர்த்து மிச்சம் இரண்டே முக்கால் லட்சம். முதல் இஎம்ஐயில் 23,375 வட்டிக்குப் போனது. அசலில் குறைந்தது 5,263. அந்த எஸ்எம்எஸ்ஸைக் கணவர் இரண்டு முறை படித்தார்.

தை பிறந்ததும் பால் காய்ச்சினோம். ஊரிலிருந்து ஒரு வேன் ஆட்கள். அன்று வந்த மொய் 61,400. மாமனார் புது நோட்டு ஒன்று வாங்கி வந்து, ஹாலில் உட்கார்ந்து, நீல மையில் ஒவ்வொரு பெயராக எழுதினார்.