புது ஒயர் போட்ட பிறகு வந்த மிஸ்ஸிங்

ஸ்பார்க் பிளக்கும் பிளக் ஒயரும் புதுசாகப் போட்டால் என்ஜின் பஞ்சு மாதிரி ஓட வேண்டும். என் மாருதி ஆம்னி வேன், போட்ட அன்றைக்கே உதற ஆரம்பித்தது. வெடிப்பு நடுநடுவே விட்டுப்போகிற இதைத்தான் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி, மூன்று சிலிண்டர், 796 சி.சி. செங்கோட்டையிலிருந்து புனலூர்க் கடைகளுக்கு ஊறுகாய் டின் ஏற்றிப் போகிறது. புளியங்குடி எலுமிச்சம்பழம் இங்கே ஊறுகாயாகி அங்கே விற்கிறது. நடுவில் மலை.

ஊருக்குள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நிற்கும்போது ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். புளியரை தாண்டி எஸ் வளைவில் இரண்டாவது கியரில் மிதித்ததும் சுயரூபம் வெளியே வந்தது. மிதிக்க மிதிக்க வெட்டி வெட்டி இழுத்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னிலேயே என்னைத் திட்டினார். கோட்டைவாசல் கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சரக்கோடு அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

சமதளத்தில் சமாளித்த வண்டி ஏற்றத்தில் ஏன் படுத்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முழுசாக மிதித்தால் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறையப் போய் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக் முனையில் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். கரண்ட் போகிற வழியில் எங்காவது ஓட்டை இருந்தால், அது அந்த நேரத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

“கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவிரலாம்க்கா” என்றார் மெக்கானிக் தம்பி. எனக்குச் சம்மதமில்லை. முந்தின நாள் வரை ஒழுங்காக இருந்த கார்புரேட்டர், பிளக் மாற்றின நேரம் பார்த்தா அடைத்துக்கொள்ளும்? கை பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டு அண்ணாச்சி ஒருவர், “ஒயர் ஆர்டர் மாறியிருக்கும்மா” என்றார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இந்த என்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-2. இரண்டு ஒயர் இடம் மாறினால் ஒரே ஒரு சிலிண்டர்தான் நேரத்துக்கு வெடிக்கும். அப்படி ஒரு வண்டி ஸ்டார்ட் ஆவதே பெரிய விஷயம், எஸ் வளைவு வரை எங்கே ஏறுவது? ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் பார்த்தோம், வரிசை சரியாகவே இருந்தது. வேலை செய்யும்போது வேக்குவம் டியூப், அதாவது என்ஜின் காற்றை உறிஞ்சும் சின்னக் குழாய், ஏதாவது கழன்றிருந்தாலும் இப்படி உதறும், அதையும் தடவிப் பார்த்தோம். எல்லாம் இடத்தில்தான் இருந்தன.

அப்புறம் செய்ததுதான் பழைய லாரி டிரைவர்கள் காலத்துச் சோதனை. ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால்தான் என்ஜின் தெரியும். வண்டியை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட பிளையரால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றுவது. வேலை செய்கிற சிலிண்டர் என்றால் என்ஜின் தள்ளாடும், ஏற்கெனவே வெடிக்காத சிலிண்டர் என்றால் மாற்றமே தெரியாது. பிடிக்க வேண்டியது ஒயர் முனையிலுள்ள பிளக் கேப்பை, ஒயரை அல்ல. கழற்றிய முனையை அந்தரத்தில் விடக்கூடாது. ஒரு உபரிப் பிளக்கை அதில் செருகி என்ஜின் இரும்பில் படுகிற மாதிரி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் வேறு வழி தேடி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையோ, வோல்ட்டை ஏற்றிக்கொடுக்கும் காயிலையோ பழுதாக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் இந்த விளையாட்டு வேண்டாம், எரியாத பெட்ரோல் அதற்குள் போய்க் கெடுத்துவிடும்.

முதல் ஒயரைக் கழற்றினோம், என்ஜின் தள்ளாடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினால் என்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. மற்ற இரண்டும் வெளிர்ப் பழுப்பு. பீங்கானில் விரிசல் எதுவும் இல்லை, பிளக்கை முடுக்கும் சாக்கெட் ஸ்பானர் சாய்ந்தால் பென்சில் கோடு மாதிரி விழுமே, அது இல்லை. பிளக் முனையின் இடைவெளியும் 0.8 மி.மீ. சரிதான். இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டோம். கோளாறு பிளக்கோடு நகரவில்லை, மூன்றாவது சிலிண்டரிலேயே நின்றது.

ஆக ஒயர். பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வைப்பது என் வழக்கம். தம்பிக்கு அது கஞ்சத்தனமாகத் தெரியும், தெரியட்டும். பழைய மூன்றாம் நம்பர் ஒயரைப் போட்டதும் நடுக்கம் நின்றது.

பாக்கெட் பிரித்த சூடு ஆறாத புது ஒயரை மீட்டரில் வைத்தார் தம்பி. பழையது சில ஆயிரம் ஓம் காட்டியது. புதியதில் இடது ஓரத்தில் வெறும் ‘1’, அதாவது தொடர்பே இல்லை. பிளக் கேப்பைப் பின்னுக்குத் தள்ளி உள்ளே பார்த்தோம். ஒயருக்கு நடுவில் ஓடும் கரி நூலை மடித்து, அதன்மேல்தான் பித்தளைக் கவ்வியை அழுத்தவேண்டும். இதில் நூல் குட்டையாக வெட்டுப்பட்டு உள்ளேயே நின்றுவிட்டது. கவ்வி வெறும் ரப்பரைக் கடித்துக்கொண்டிருந்தது. நூல் முனையைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடி, கருகிய வாடை. பொறி முதலில் இந்த இடைவெளியைத் தாண்டி, அப்புறம் பிளக்கையும் தாண்டவேண்டியிருந்திருக்கிறது. லேசாக மிதிக்கும்போது எப்போதாவது தாண்டியது, ஏற்றத்தில் அதுவும் முடியவில்லை. ஆரியங்காவு பக்கத்து மழை ஈரத்தில் போயிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

சாமான் கடையில், எலக்ட்ரிக்கல் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று முதலில் முறைத்தார்கள். மீட்டரைக் கவுண்டரிலேயே வைத்துக் காட்டியதும் வேறு செட் கொடுத்தார்கள். அதையும் அங்கேயே ஒவ்வொன்றாக அளந்துவிட்டுத்தான் வாங்கினேன்.

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்திருக்கும் அல்லவா. ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை அடித்தது. ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் மறுபடி புனலூருக்குச் சரக்கு ஏற்றினேன்.