பெருமாள் மலையைத் தாளில் இறக்கி லென்ஸ் பவர் பார்ப்பது

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு தொலைந்துபோனாலும் கண்ணாடியின் பவரை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கொடைக்கானலில் மேகம் ஏறுவதற்கு முந்தைய காலை, மலை தெரியும் ஜன்னல், வெள்ளைத் தாள், டேப். இவ்வளவுதான் தேவை.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தாளை ஒட்டுங்கள். பிளஸ் லென்ஸை (ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) தாளுக்கு நேராகப் பிடித்து முன்பின் நகர்த்தினால், ஓரிடத்தில் பெருமாள் மலை தலைகீழாகத் தெளிவாய் விழும். லென்ஸுக்கும் தாளுக்கும் இடைவெளி எத்தனை செ.மீ.யோ, அதால் 100-ஐ வகுத்தால் டயாப்டர், அதாவது லென்ஸின் பவர். 50 செ.மீ. என்றால் +2. அதே லென்ஸில் மலையை விட்டுவிட்டு 5 மீட்டரில் நிற்கும் தைலமரத்தைப் பிடித்தால் பிம்பம் சுமார் 55.5 செ.மீ.யில் விழும், கணக்கு +1.8 என்று ஏமாற்றும். பக்கத்துப் பொருளிலிருந்து கதிர்கள் விரிந்தே வருகின்றன, அவற்றைக் குவிக்கக் கூடுதல் தூரம் வேண்டும். லென்ஸைச் சாய்த்துப் பிடித்தாலும் அளவு கெடும்.

மைனஸ் லென்ஸ் ஒளியை விரிப்பதால் தாளில் பிம்பமே விழாது. அதற்கு வெயில் வேண்டும். லென்ஸை வெயிலுக்கு நேரே பிடித்து, தாளைப் பின்னால் நகர்த்துங்கள். வெளிச்ச வட்டம் லென்ஸைப்போல் இரு மடங்கு அகலமாகும் தூரம்தான் குவியத் தூரம்; அதன் செ.மீ. அளவால் 100-ஐ வகுத்து, முன்னால் மைனஸ் போட்டால் பவர். எப்போதும் தாளைத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் வழியே சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை மாறும் பவர்) கலந்த பிளஸ் லென்ஸில் வெயில் புள்ளியாகக் குவியாது. ஒரு தூரத்தில் ஒரு கோடு, வேறொரு தூரத்தில் அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

தடிமனான லென்ஸ் என்றால் பவர் அதிகம் என்பது பாதி உண்மை. ஒளி திரும்புவது இரு பரப்புகளில்தான்; பரப்பின் வளைவும், லென்ஸ் பொருள் ஒளியை எவ்வளவு திருப்பும் என்று காட்டும் ஒளிவிலகல் எண்ணுமே முக்கியம். ஒளிவிலகல் எண் 1.50 உள்ள சாதாரண பிளாஸ்டிக்கைவிட, 1.59 உள்ள பாலிகார்பனேட்டில் அதே பவருக்குக் குறைந்த வளைவு போதும்.

ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் மாறும் என்பதுதான் பெரிய தொல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தின் சுரங்கத் தொலைநோக்கியில் 38 செ.மீ. லென்ஸ், சுமார் 36 மீட்டர் குவியத் தூரம். சூரியன் தன் விட்டத்தைப்போல் சுமார் 107 மடங்கு தொலைவில் இருப்பதால், குவியத் தூரத்தை 107-ஆல் வகுத்தால் சூரிய பிம்பத்தின் விட்டம் கிடைக்கும்: ஏறத்தாழ 34 செ.மீ. அங்கே கிரவுன் என்ற சாதாரண வகைக் கண்ணாடியில் ஒற்றை லென்ஸை வைத்தால், 393 நானோமீட்டர் ஊதா ஒளி, 656 நானோமீட்டர் சிவப்பைவிட ஒரு மீட்டருக்கும் முன்னாலேயே குவிந்துவிடும். அதனால்தான் கிரவுன் குவிலென்ஸோடு, ஃபிளின்ட் என்ற வேறு வகைக் கண்ணாடியின் குழிலென்ஸையும் சேர்த்து, நிறங்களை ஏறத்தாழ ஒரே இடத்தில் குவிக்கும் அக்ரோமேட் என்ற கூட்டு லென்ஸ்.