டோல் சாலையில் ஏறுவது யார்? போக்குவரத்துக் கணிப்பில் வருமானத்தைச் சேர்க்கும் முறை

டோல் சாலை விற்கும் சரக்கு நேரம்தான். கட்டணம் 50, மிச்சமாகும் நேரம் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம் (எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும்). அப்படியென்றால் ஒரு மணி நேரத்தின் விலை 200. தன் ஒரு மணி நேரம் 200க்கு மேல் பெறும் என்று நினைப்பவர் ஏறுவார், மற்றவர் இலவசச் சாலையிலேயே போவார். இந்த 200ஐ வெட்டுப்புள்ளி என்று சொல்லலாம்.

பயணிகளின் சராசரி நேர மதிப்பு மணிக்கு 150 என்று ஒரே எண்ணை மாடலில் போட்டால் என்ன ஆகும்? கட்டணம் 50 என்றால் ஒருவர்கூட ஏறமாட்டார். கட்டணத்தை 30க்கு இறக்கினால் வெட்டுப்புள்ளி 120 ஆகிவிடும், எல்லோரும் ஏறிவிடுவார்கள். இரண்டுமே நடக்காது. நேர மதிப்பு வருமானத்தோடு ஏறி இறங்குவது. வருமானமோ வலப்பக்கம் நீண்ட வால் கொண்ட பரவல்: பெரும்பாலோர் சராசரிக்குக் கீழே, சிலர் வெகு மேலே.

அதே 150 சராசரியை லாக்நார்மல் பரவலாக (அப்படி நீண்ட வால் கொண்ட, மடக்கை எடுத்தால் மணி வடிவமாகும் பரவல்), மடக்கை அளவில் திட்ட விலக்கம், அதாவது சிதறலின் அளவு, 0.7 என்று வைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பவரின் நேர மதிப்பு, அதாவது இடைநிலை, 117தான். 200க்கு மேல் இருப்பவர்கள் சுமார் 22 சதவீதம், 120க்கு மேல் இருப்பவர்கள் சுமார் 49 சதவீதம். பூஜ்யமும் நூறுமாக வந்த விடைகள் 22ஆகவும் 49ஆகவும் மாறிவிட்டன. பரவலைச் சேர்க்காத மாடல் சிறிய அளவில் தவறுவதில்லை, வேறு ஒரு சாலையையே கணிக்கிறது.

கட்டணத்தை நிமிடமாக மாற்றும் இடத்தில் இன்னொரு பிசகு பதுங்கியிருக்கிறது. பல மென்பொருள்களில் கட்டணத்தை நேர மதிப்பால் வகுத்து, வரும் நிமிடங்களைப் பயண நேரத்தோடு கூட்டுவார்கள். சராசரி 150ஆல் வகுத்தால் 50க்கு 20 நிமிடம். ஆனால் மேலே சொன்ன பரவலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வகுத்துச் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 33 நிமிடம். வருமானம் குறைந்தவருக்கு அதே 50 மிகப் பெரிய சுமை, சராசரி அதை மறைத்துவிடுகிறது. பயணத் தேவை மாடலுக்குள் போகும் செலவு இப்படிக் குறைத்துக் காட்டப்பட்டால், அடுத்து வரும் கணக்கெல்லாம் அளவுக்கு மீறி நம்பிக்கையூட்டுவதாகவே இருக்கும்.

வழக்கமான தீர்வு, பயண மேட்ரிக்ஸை (எங்கிருந்து எங்கே எத்தனை பயணம் என்ற அட்டவணையை) வருமான வகுப்புகளாகப் பிரிப்பது. குறைவு, நடுத்தரம், உயர்வு என்று மூன்று சம பங்கு. நேர மதிப்பு 60, 120, 270 (சராசரி அதே 150). இதுவும் போதாது. வெட்டுப்புள்ளி 121இலிருந்து 269 வரை எங்கே இருந்தாலும் ஏறுபவர்கள் 33 சதவீதம்தான். கட்டணத்தை உயர்த்தினால் ஆள் குறையவே மாட்டார் என்று மாடல் சொல்லும். வருவாயை அதிகமாக்கும் கட்டணம் எது என்று கேட்டால், வெட்டுப்புள்ளியை 270க்கு ஒரு முடி கீழே நிறுத்தும் கட்டணத்தைக் கைகாட்டும். அது சந்தையைப் பற்றிய தகவல் அல்ல, வகுப்பு எல்லையைப் பற்றிய தகவல். இதைத் தவிர்க்க, வகுப்புகளை எட்டு, பத்து என்று கூட்டலாம்; அல்லது ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் லாஜிட் மாடலோ (ஏறுவார், ஏறமாட்டார் என்று வெட்டாமல் ஏறும் வாய்ப்பைத் தரும் மாடல்) ஒரு பரவலோ வைக்கலாம். என் விருப்பம் இரண்டாவது. வகுப்பு கூடக் கூட அசைன்மென்ட் (பயணங்களைச் சாலைகளில் பகிர்ந்து ஏற்றும் கணக்கு) ஓடும் நேரமும் கூடும், ஒவ்வொரு மேட்ரிக்ஸிலும் மாதிரி மெலிந்துபோகும்.

பயண நோக்கத்தையும் வருமானத்தோடு சேர்த்தே பிரிக்க வேண்டும். அலுவல் பயணத்துக்குக் கம்பெனி பணம் கட்டினால் ஓட்டுபவரின் சம்பளம் முடிவு செய்வதில்லை. சரக்கு லாரிக்கு வருமான வகுப்பே பொருந்தாது. வண்டியின் இயக்கச் செலவு, சரக்கின் அவசரம், டோலை யார் ஏற்பது என்பவையே அங்கே கணக்கு. அதைக் கார் மேட்ரிக்ஸோடு கலக்காதீர்கள்.

இனி தரவு. வருமானக் கேள்விக்கு நிறையப் பேர் பதில் சொல்லமாட்டார்கள், சொன்னாலும் வரம்பாகத்தான் சொல்வார்கள். விடுபட்டவற்றைச் சராசரியால் நிரப்பினால் பரவல் சுருங்கிவிடும், நாம் தேடுவதே பரவலைத்தான். வண்டி, வீட்டில் சம்பாதிப்பவர் எண்ணிக்கை, வேலை வகை ஆகியவற்றை வைத்து மதிப்பிட்டு, சிதறலையும் சேர்த்தே நிரப்ப வேண்டும். அதேபோல, ஒரு ஸோனின் (மாடலுக்காக ஊரைப் பிரித்த ஒரு பகுதியின்) சராசரி வருமானத்தை அங்கிருந்து கிளம்பும் எல்லாப் பயணத்துக்கும் ஒட்டாதீர்கள். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீடுகளின் வித்தியாசம், இரண்டு ஸோன் சராசரிகளின் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். குடும்ப வருமானமா தனிநபர் வருமானமா, வரிக்கு முன்னா பின்னா என்பதைக் கேள்வித்தாளிலேயே தீர்த்துவிடுங்கள். பின்னால் சரிசெய்ய வழியே இருக்காது.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதல், உள்ளூர்ச் சொந்தப் பயணத்துக்கு மணிக்கணக்குக் குடும்ப வருமான இடைநிலையில் 50 சதவீதமும், ஊர்விட்டு ஊர் போகும் சொந்தப் பயணத்துக்கு 70 சதவீதமும் நேர மதிப்பாகக் கொள்ளச் சொல்கிறது. அது திட்டத்தின் பலனைச் செலவோடு ஒப்பிடுவதற்கான எண். உங்கள் எண் நியாயமான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க உதவும். கட்டண வருவாயைக் கணிக்க அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

வருங்காலத்துக்குப் போனால் ஆபத்து பெருகுகிறது. உண்மை வருமானம் ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்கிறது, கட்டணம் விலைவாசியோடு மட்டும் ஏறுகிறது என்று கொள்வோம். வருமானம் கூடும்போது நேர மதிப்பு எவ்வளவு கூடும்? வருமானம் 1 சதவீதம் கூடினால் நேர மதிப்பு எத்தனை சதவீதம் கூடும் என்பதை நெகிழ்ச்சி என்பார்கள். அந்த நெகிழ்ச்சி 0.5 என்றால் 25 ஆண்டில் நேர மதிப்பு 1.45 மடங்கு, 0.8 என்றால் 1.81 மடங்கு, 1 என்றால் 2.09 மடங்கு. நம் உதாரணத்தில் 22 சதவீதமாகத் தொடங்கிய பங்கு முறையே 41, 53, 62 ஆகிறது. கடனைத் திருப்பிக் கட்ட முடியுமா முடியாதா என்பதே இந்த ஒற்றை எண்ணில் தொங்குகிறது, ஆனால் பல அறிக்கைகளில் அது பிற்சேர்க்கையில் ஒரு வரி. கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 104 டோல் திட்டங்களில் உண்மைப் போக்குவரத்து கணிப்பில் சராசரியாக 77 சதவீதமாகத்தான் இருந்தது. காரணங்கள் பல உண்டு. அதனால்தான் இந்த நெகிழ்ச்சிக்கு ஒரே மதிப்பை வைத்து அடிப்படைக் கணிப்பு போடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. வருமான வளர்ச்சியைப் பயண எண்ணிக்கையில் ஒருமுறை, கார் உரிமையில் ஒருமுறை, நேர மதிப்பில் ஒருமுறை என்று சேர்க்கும்போது, ஒரே வளர்ச்சி இரண்டு முறை எண்ணப்படவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

மேலே சொன்ன 22 சதவீதமும் முடிவான எண் அல்ல. அத்தனை பேர் டோல் சாலைக்குப் போனால் இலவசச் சாலை லேசாகும், 15 நிமிட மிச்சம் சுருங்கும், விளிம்பில் இருந்தவர்கள் திரும்பிவிடுவார்கள். எல்லா வருமான வகுப்புகளையும் ஒரே அசைன்மென்டில், ஒரே நெரிசலைப் பகிர வைத்துச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். வகுப்பு வகுப்பாகத் தனித்தனியே ஓட்டிக் கூட்டினால் டோல் சாலைக்குக் கூட்டம் மிகையாக வரும்.

மாடல்கள் கண்டுகொள்ளாத ஒன்று மாதச் செலவு. ஒரு தடவைக்கு 50 பெரிதாகத் தெரியாது. போக வர, மாதம் 22 நாள் என்றால் 2200. குறைந்த வருமானக்காரர் இதைத் தினமும் கட்டமாட்டார், ஆனால் தாமதமான நாளில் கட்டுவார். 1995 டிசம்பரில் திறந்த கலிபோர்னியாவின் எஸ்ஆர் 91 நெடுஞ்சாலைக் கட்டணத் தடங்களில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள்: உயர் வருமானத்தினர் அதிகம் வந்தாலும் எல்லா வருமானத்தினரும் பயன்படுத்தினார்கள், பெரும்பாலோர் எப்போதாவதுதான். ஆகவே சர்வேயில் 'கட்டுவீர்களா' என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், 'வாரத்தில் எத்தனை நாள்' என்றும் கேளுங்கள். சாலையோரத்தில் பிடித்துக் கேட்கும் சர்வேயில் தினசரிப் பயணிகள் அதிகமாகச் சிக்குவார்கள், அதற்கு எடை கொடுத்துத் திருத்த வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் கட்டணத்துக்கு எதிரான வருவாய் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அதில் படிக்கட்டோ கூர்முனையோ தெரிந்தால் வகுப்புப் பிரிப்பில் கோளாறு. அடுத்து, ஒவ்வொரு வருமான வகுப்பிலும் டோல் சாலையில் ஏறும் பங்கைக் கேளுங்கள். கீழ் வகுப்பில் சுத்தமாகப் பூஜ்யமோ மேல் வகுப்பில் முழு நூறோ வந்திருந்தால், வகுப்புக்குள் பரவல் வைக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலே இல்லை என்று பதில் வந்தால், மாடலுக்குள் வருமானம் நுழையவே இல்லை.