மீட்டர் பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர்

மதுரைப் பக்கம் மொட்டை மாடி சோலார் வேலைதான் எனக்குப் பிழைப்பு. வேலை முடிந்து எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டப் போனாலே, வீட்டுக்காரர்கள் "சுவரு அசிங்கமாயிடும், வேணாமே தம்பி" என்பார்கள். மெயினை அணைத்தால், பேனலின் டிசி கரண்டை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்றுவிடும், சரி. ஆனால் வெயில் அடிக்கிற நேரமெல்லாம் பேனலில் இருந்து இறங்கும் டிசி வயரில் கரண்ட் இருக்கும். எட்டு பேனலை வரிசையாகக் கோத்தால் 300 வோல்ட்டைத் தாண்டும். தண்ணீர்க் குழாயோடு வரும் தீயணைப்பு வீரருக்கு அதை யார் சொல்வது? அதனால் அந்த டிசி வயரைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரில் தமிழில் பெரிதாக ஒட்டிவிடுவேன். சாதாப் பேப்பர் நம் வெயிலில் வெளுத்துப் பல்லிளிக்கும். வினைல்தான் தாங்கும், விலை கொஞ்சம் கூட. அப்புறம், பேட்டரி வைத்த வீடென்றால் மீட்டர் பெட்டி மேலேயே "ஈபி போனாலும் உள்ளே கரண்ட் இருக்கும்" என்று எழுதிவைப்பேன். லைன்மேன் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதானே.