அத்தாவின் ரெண்டு ரக்அத்

"அத்தாவ அந்தப் பள்ளிவாசலுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போயிடுப்பா." அம்மா மவுத்தாகி எங்கள விட்டுப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்.

அபுதாபி ஷேக் சாயித் பள்ளிவாசலில் கம்பி கட்டியவர் அத்தா, என் அப்பா. 1996இல் பள்ளி கட்டும் வேலை தொடங்கியது, அடுத்த வருஷம் இவர் வேலைக்குச் சேர்ந்தார். முதுகு போய் ஊர் திரும்பியபோது பள்ளி வெறும் சிமெண்டு நிறத்தில்தான் நின்றதாம். முடிந்ததும் வந்து ரெண்டு ரக்அத், ரெண்டு சுற்றுத் தொழுகை, தொழணும்னு நிய்யத், மனசுக்குள் ஒரு உறுதி. 2007இல் பள்ளி திறந்தது. தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன் என்று நிய்யத் தள்ளிக்கொண்டே போனது.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அல்லாஹ் நாடினான். துபாயிலிருந்து கூட்டிவந்த கார்க்காரர் பேசியதற்கு மேல் ஐம்பது திர்ஹம் கறந்தார், போகட்டும். ஜும்ஆ தொழுகைக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கையில் செல்போன். தூணைக் கட்டிப்பிடித்து ஒருத்தர் போஸ் கொடுத்து முடிக்கும் வரை, வயசான மனுஷர் வெயிலில் நின்றார். இங்கே வந்துமா?

முற்றத்தைப் பார்த்ததும் அத்தா திகைத்துப் போனார். "இதுவாடா?" அவர் விட்டுப்போன சாம்பல் நிறத்தை மாசிடோனியா சலவைக்கல் மூடியிருந்தது. லாகூர் பாதுஷாஹி பள்ளியின் சாயல்: விரிந்த முற்றம், உப்பிய வெள்ளைக் குப்பாக்கள் (குவிமாடங்கள்), மொத்தம் 82. முற்றத்தைச் சுற்றி ஆயிரத்துக்கு மேல் தூண்கள், எல்லாவற்றிலும் வெள்ளைக் கல்லைக் குடைந்து வண்ணக்கல் பூ. ஆக்ராவில் தாஜ்மஹாலில் பார்த்த அதே முகலாய வேலை. நான் பூவிலேயே நின்றுவிட்டேன். அத்தா தூணில் உள்ளங்கையை வைத்து, "இதுக்குள்ளதான்டா இருக்கு என் கம்பி" என்றார். இந்தத் தூண்தானா? நான் கேட்கவில்லை.

உள்ளே ஈரானில் கையால் முடிச்சுப் போட்ட கம்பளம், 5,627 சதுர மீட்டர். தொழுகைக்கு வரிசையாக நிற்கும் ஸஃப் கோடு கண்ணுக்குத் தெரியாது, நூலை லேசாக மேடாக்கி வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேல் 12 டன் சரவிளக்கை அண்ணாந்து பார்த்ததும் நான்தான். அத்தாவின் கண் மக்கா திசையிலுள்ள கிப்லா சுவரில் ஒளிரும் அல்லாஹ்வின் 99 திருநாமங்களில்.

ஊரில் ஆறு வருஷமாக நாற்காலித் தொழுகை. இங்கே நாற்காலியை வேண்டாமென்று தள்ளிவிட்டார். என் தோளைப் பிடித்து முழங்காலை மடக்கி, சஜ்தாவுக்கு, நெற்றியைத் தரையில் வைக்கப் போனவர் எழவே இல்லை. பயந்துபோய்க் குனிந்தேன். முதுகு குலுங்கியது. யா ரப்பே, அந்த முதுகு! நிய்யத் உனக்குத் தெரியும், வலியும் உனக்குத் தெரியும், இருபது வருஷத்துக்கு மேல் காக்கவைத்து இந்த ஒரு சஜ்தாவைத் தந்தாயே. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் என் கையைப் பிடித்து, "ஒங்கம்மாவுக்கும் கேட்டுட்டேன்" என்றார்.

குத்பா பிரசங்கம், ஜும்ஆ தொழுகை எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். பக்கத்தில்தான் இந்தப் பள்ளியைக் கட்டவைத்த ஷேக் சாயித்தை அடக்கிய கபுரு, குர்ஆன் ஓதும் சத்தம் கேட்டது. 2004இல் மவுத்தானவர், பள்ளி முடிந்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அத்தா நின்று துஆ கேட்டார்.

"பாவம்டா, அவருக்குக் கெடைக்கல."